பந்து எறிய ஒரு வாத்தியார்!

சம்பளம் கொடுத்து வெளியாளை அழைத்தால் கால்பந்துக் கோஷ்டி ஜெயிக்குமா?

கால்பந்து என்பது காலால் ஆடும் ஆட்டம். கோல் கீப்பரைத் தவிர வேறு யாரும் பந்தைக் கையால் தொடக்கூடாது. இது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் ஒரே ஒரு சமயத்தில் மட்டும் மற்ற ஆட்டக்காரர்களும் பந்தைக் கையில் எடுக்கலாம். பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியாகத் தொட்டவர் எந்தக் கட்சியோ, அதற்கு எதிர்க் கட்சிக்காரர் ஒருவர் பந்தை எடுப்பார். இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளே எறிவார். இதற்குத் "த்ரோ இன்" என்று பெயர்.

இது ஒரு பெரிய வித்தையா? பந்தை எடுக்க வேண்டியது, எறிய வேண்டியது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வேண்டுமா? அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டுமா?

2018-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பல பேர் இப்படித்தான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள்!

யார் இந்த வாத்தியார்?

அவர் பெயர் தாமஸ் கிரோனமார்க். டென்மார்க் நாட்டைச் சேர்ந்தவர். பேர் பெற்ற கால்பந்து ஆட்டக்காரர் அல்ல. ஓட்டப் பந்தய வீரர். பனிப் பாதையில் சறுக்கு வண்டி ஓட்டும் டென்மார்க் கோஷ்டியிலும் இருந்தவர். 2010-ல் ஒரு கால்பந்தை 51 மீட்டருக்கு மேல் எறிந்து உலக சாதனை செய்தார்.

பந்து எறிவதைப் பற்றிப் படிக்கலாம் என்று அவர் ஒரு சமயம் நூல்நிலையத்துக்குப் போனாராம். ஒரு புத்தகம்கூட அகப்படவில்லையாம். உலகம் முழுவதும் ஆடுகிற ஆட்டம். ஆனால் அதில் ஒரு பகுதியைப் பற்றி யாருமே எழுதவில்லை! "சரி, நாமே படித்து, நாமே சொல்லிக்கொடுப்போம்" என்று கிளம்பினார். 2004-ம் ஆண்டு முதல் இதையே தொழிலாக வைத்துக்கொண்டார். ஒரு கிளப்புக்கு மட்டும் வேலை செய்பவர் அல்ல. பல ஊர்க் கிளப்புகளுக்கும் போய், சில நாள் தங்கி, சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

அப்பொழுது லிவர்பூல் கிளப்பின் மானேஜராக இருந்தவர் யூர்கன் குளோப். ஜெர்மனிக்காரர். 2018-ல் அவருடைய கோஷ்டி ஐரோப்பிய சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தது. நல்ல கோஷ்டிதான். ஆனால் குளோப்புக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறியும்போதெல்லாம் அது எதிரிகளின் காலுக்கே போய்ச் சேர்ந்தது!

அந்தச் சமயத்தில் கிரோனமார்க்கைப் பற்றி ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த செய்தியை அவர் படித்தார். உடனே தொலைபேசியில் அழைத்தார். நேரில் பார்த்துப் பேசினார். வேலையும் கொடுத்தார்.

எறிவதில் என்ன இருக்கிறது?

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்? பந்தை வெகு தூரம் எறியவா? அதுவும் உண்டு. ஆனால் லிவர்பூலுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது வேறு.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கோஷ்டியில் 11 பேர். பந்தை எறிபவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஆகவே உள்ளே இருப்பது 10 பேர்தான். எதிர்க் கட்சியில் 11 பேரும் உள்ளே இருக்கிறார்கள். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். சந்தைக் கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையில் பண முடிப்பை எறிவது போலத்தான் இது!

இதற்குக் கிரோனமார்க் வழி சொன்னார். ஒருவர் ஓடி எதிரியை ஏமாற்றி இழுத்துப் போவார். அவர் விட்ட காலி இடத்துக்கு இன்னொருவர் வருவார். அவர் வரும் வேகத்துக்கு ஏற்றபடி, எடுத்து ஆட வசதியாகப் பந்து விழ வேண்டும். இன்னொரு விசேஷமும் உண்டு. த்ரோ இன் எறியும்போது "ஆப்சைடு" விதி கிடையாது. எதிரிகளின் கடைசி ஆளையும் தாண்டி நிற்கிற நம் ஆளுக்குப் பந்தை எறிந்தால்கூடத் தப்பில்லை.

ஒரு ஆட்டத்தில் இப்படி 40 முதல் 60 தடவை வரை பந்து எறியப்படுகிறது. அடிக்கடி பந்தைப் பறிகொடுப்பது சின்ன விஷயமா?

கிரோனமார்க்கை வேலைக்கு வைத்த செய்தி வெளியானதும், முன்னாள் ஆட்டக்காரரான விமரிசகர் ஒருவர், "ஆட்டம் தொடங்கும்போது முதல் உதை உதைக்கக் கற்றுத்தரும் வேலையை எனக்குக் கொடுங்கள்" என்று கேலி செய்தார்.

கேலி எவ்வளவு நாள் நின்றது? அதற்கு முந்தைய ஆண்டில், எதிரிகள் நெருக்கி நிற்கும்போது லிவர்பூல் எறிந்த 100 பந்துகளில் சுமார் 45 மட்டுமே அவர்களிடம் தங்கின. 20 கோஷ்டிகள் உள்ள லீக்கில் இதில் அவர்களுக்கு 18-வது இடம். அடுத்த ஆண்டில் 100-க்கு 68 தங்கின. முதல் இடம்!

2019-ல் லிவர்பூல் ஐரோப்பிய சாம்பியன் ஆயிற்று. 2020-ல் இங்கிலாந்து லீக்கையும் வென்றது. 30 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த லீக் பட்டம் அது.

எல்லாம் பந்து எறிய வந்த வாத்தியாரால்தான் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதே 2018-ல்தான் வான் டைக் என்ற தடுப்பு வீரரும், அலிசன் என்ற கோல் கீப்பரும் பெரும் பணம் கொடுத்து வாங்கப்பட்டார்கள். வீடு கட்டியவர்கள் பல பேர். ஒழுகுகிற ஒரு மூலையை அடைத்துக்கொடுத்தவர் கிரோனமார்க். அதுவே அவருக்குப் பெருமைதான்.

நோட்டுப் புத்தகமும் பென்சிலும்

வெளியாளை அழைத்தவர்கள் எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடித்ததா? இல்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1950-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி. இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் ஆட்டம் நடக்கிறது. கூட்டத்தில் சார்லஸ் ரீப் என்பவர் உட்கார்ந்திருக்கிறார். விமானப் படையில் கணக்கு அதிகாரி. ஊர்க் கோஷ்டி கோலை நோக்கிப் போவதும், பந்தை விட்டுவிட்டு வருவதுமாக இருந்தது. ரீப்புக்குப் பொறுக்கவில்லை. பிற்பாதி ஆட்டத்தில் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் வெளியே எடுத்தார். யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார்கள், எங்கே தவறிற்று என்று ஒவ்வொன்றையும் குறிக்க ஆரம்பித்தார்.

அன்று எடுத்த பென்சிலை அவர் கீழே வைக்கவே இல்லை! வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் குறித்தார். இரவு ஆட்டங்களில் எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்று, சுரங்கத் தொழிலாளர் அணியும் விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்காருவாராம்!

1951-ல் பிரென்ட்போர்டு கிளப் அவரிடம் யோசனை கேட்டது. பிறகு வுல்வர்ஹாம்ப்டன் கிளப்பின் புகழ் பெற்ற மானேஜர் ஸ்டான் கல்லிஸ் அவருடைய கணக்கைப் பார்த்தார். அது கல்லிஸின் சொந்த எண்ணத்துக்கும் பொருத்தமாக இருந்தது. அந்த கிளப் 1954-ல் லீக் சாம்பியன் ஆயிற்று.

ரீப் பெயர் பரவியது. 1955-ல் அவர் விமானப் படையை விட்டு வந்தார். ஷெப்பீல்டு வெட்னஸ்டே என்ற கிளப் ஆண்டுக்கு 750 பவுன் சம்பளத்தில் அவரை அமர்த்தியது. முதல் ஆண்டிலேயே கோஷ்டி இரண்டாவது பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. கைதட்டல்! ஆனால் மூன்றாவது ஆண்டில், 1958-ல், மறுபடியும் இரண்டாவது பிரிவுக்கே இறங்கிவிட்டது.

ஆள் அதே ஆள்தான். பென்சிலும் அதே பென்சில்தான். பின் ஏன் இப்படி?

மாட்டுக் கணக்கு

ரீப்பின் முடிவு இதுதான்: "பெரும்பாலான கோல்கள் மூன்று தடவைக்குள் பந்தைத் தள்ளி அடித்தவை. ஆகையால் பந்தைத் தள்ளித் தள்ளி விளையாடாதே. சீக்கிரமாக முன்னே தூக்கி அடி!"

அவர் எண்ணியது பொய் அல்ல. 1968-ல் வெளியான அவருடைய கட்டுரைப்படி, 100 கோல்களில் சுமார் 80 அப்படி அடித்தவைதான். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஆட்டத்தில் நடக்கும் 100 முயற்சிகளில் சுமார் 91, மூன்று தள்ளலுக்குள் முடிந்துபோகின்றன.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? ஒரு ஊரில் 100 மாடுகள் இருக்கின்றன. 91 நாட்டு மாடு. 9 உயர்ந்த ரகப் பசு. தினம் 100 படி பால் கிடைக்கிறது. நாட்டு மாடுகள் 80 படி கறக்கின்றன. மீதி 20 படி, அந்த 9 பசுக்கள் கறந்தது. இப்பொழுது ஒருவர் வந்து, "பாலில் பெரும்பாகம் நாட்டு மாடு கொடுத்தது. ஆகையால் அந்த 9 பசுக்களையும் விற்றுவிடுங்கள்" என்று யோசனை சொன்னால் எப்படி இருக்கும்?

91 மாடு 80 படி. 9 மாடு 20 படி. எது நல்ல மாடு? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லிவிடுவாள்!

ரீப் செய்த தப்பு அதுதான். பொறுமையாகப் பந்தைத் தள்ளி ஆடியது குறைவு. ஆனால் அதில் கிடைத்த பலன் அதிகம். எண்ணியவர் சரியாக எண்ணினார். எண்ணியதிலிருந்து எடுத்த முடிவு தப்பாகப் போயிற்று. "தூக்கி அடி" என்ற எண்ணம் இங்கிலாந்தில் வெகுகாலம் வேரூன்றி இருந்தது.

வெட்னஸ்டே இறங்கியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். எல்லாப் பழியையும் ஒரு பென்சில் மீது போட முடியாது. ஆனால் படித்தவர் சொல்கிறார், எண் சொல்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டக் கூடாது என்பதற்கு இந்தக் கதை ஒரு பாடம்.

மாஸ்கோவில் மழை

சரி, கணக்கும் சரி, முடிவும் சரி என்றால் வெற்றி நிச்சயமா? அதையும் பார்த்துவிடுவோம்.

2008-ம் ஆண்டு மே 21-ந் தேதி. ரஷ்யாவில் மாஸ்கோ நகரம். ஐரோப்பிய சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம். செல்சி ஒரு பக்கம், மான்செஸ்டர் யுனைடெட் ஒரு பக்கம். இரண்டும் ஆளுக்கு ஒரு கோல் போட்டுச் சமமாக நின்றன. பெனால்டி உதைகள் மூலம் முடிவு செய்ய வேண்டிய நிலை.

செல்சியிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பொருளாதாரப் பேராசிரியர் இக்னாசியோ பலாசியோஸ் ஹுவெர்ட்டா பல ஆண்டுகளாகப் பெனால்டி உதைகளை ஆராய்ந்தவர். யார் எந்தப் பக்கம் உதைக்கிறார், எந்தக் கோல் கீப்பர் எந்தப் பக்கம் பாய்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நண்பர் மூலம் அவருடைய குறிப்பு செல்சி மானேஜர் அவ்ராம் கிராண்ட் கைக்கு வந்திருந்தது.

மான்செஸ்டர் வீரர் ரொனால்டோ ஓடி வரும்போது நடுவில் நின்றால், பெரும்பாலும் கோல் கீப்பரின் வலப்பக்கமே உதைப்பார் என்று குறிப்பு சொன்னது. ரொனால்டோ ஓடி வந்தார். நடுவில் நின்றார். உதைத்தார். செல்சி கோல் கீப்பர் பீட்டர் செக் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார்! அடேயப்பா!

செல்சியின் முதல் ஆறு உதைகளும் மான்செஸ்டர் கோல் கீப்பர் வான் டெர் சாரின் இடப்பக்கமே போயின. ஐந்தாவதாக வந்தவர் செல்சியின் தலைவர் ஜான் டெர்ரி. கோல் விழுந்தால் கோப்பை செல்சிக்கு. டெர்ரி உதைத்தார். கோல் கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்தார். கோல் காலியாகக் கிடந்தது!

ஆனால் அன்று மழை. நனைந்த புல்லில் டெர்ரியின் கால் வழுக்கிவிட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

பிறகு ஏழாவதாக அனெல்கா வந்தார். அதற்குள் வான் டெர் சார் ஏதோ ஊகித்துவிட்டார். "இந்தப் பக்கம்தானே உதைக்கப் போகிறாய்?" என்று கேட்பது போல, தம் இடப்பக்கத்தைக் கையால் காட்டினார். அனெல்கா மறுபக்கம் உதைத்தார். வான் டெர் சாரும் அங்கேயே பாய்ந்தார். பிடித்துத் தள்ளினார். கோப்பை மான்செஸ்டருக்குப் போயிற்று.

பேராசிரியரின் குறிப்பில் குறை இல்லை. ஆனால் மழையில் வழுக்கும் காலை எந்தக் காகிதம் தாங்கிப் பிடிக்கும்? எதிரி சைகை காட்டும்போது மனம் கலங்காமல் இருக்க எந்தக் காகிதம் உதவும்? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

யார் பக்கம் நியாயம்?

வெளியாள் கூடாது என்கிறவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. "தோற்றால் வேலை போவது மானேஜருக்குத்தான். யோசனை சொன்னவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நம்மிடம் கற்றதை நாளைக்கு எதிரிக்கும் சொல்லுவார். ஆளுக்கு ஒன்று சொன்னால் ஆட்டக்காரன் யார் பேச்சைக் கேட்பான்?" என்கிறார்கள்.

வேண்டும் என்கிறவர்கள் இத்தாலியைக் காட்டுகிறார்கள். ஜியானி வியோ என்பவர் அங்கே வங்கியில் வேலை பார்த்தவர். மூலை உதை போன்ற நின்ற பந்து உதைகளை எப்படிக் கோலாக மாற்றலாம் என்று ஆயிரக்கணக்கான வழிகள் எழுதி வைத்திருந்தார். பல கிளப்புகள் அவரை அழைத்தன. பிறகு இத்தாலி தேசியக் கோஷ்டியே அழைத்துக்கொண்டது. 2021-ல் லண்டனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து முந்தி நின்றது. ஒரு மூலை உதையிலிருந்துதான் இத்தாலி சமன் செய்தது. பிறகு பெனால்டியில் கோப்பையையும் வென்றது. "வங்கிக்காரருக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்கிறார்கள் இவர்கள்.

இரண்டு பக்கத்தையும் கேட்டோம். இனி நம் தீர்ப்பைச் சொல்வோம்.

வெளியாளை அழைக்கலாம். அழைக்க வேண்டியதுதான். ஆனால் அழைக்கும் முன்பு கிளப் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "நமக்கு வலிப்பது எங்கே?"

குளோப்புக்கு அது தெரிந்திருந்தது. வைத்தியரிடம் போய், "இந்தப் பல்லில் வலிக்கிறது" என்று காட்டினார். வைத்தியரும் அந்தப் பல்லை மட்டும் பார்த்தார். வெற்றி கிடைத்தது. "எனக்கு என்னமோ சரியில்லை, நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள்" என்று போகிறவருக்கு என்ன நடக்கும்? வைத்தியரிடம் எந்த மருந்து இருக்கிறதோ, அதுவே நம் நோய்க்கு மருந்தாகிவிடும்! எல்லா நோய்க்கும் ஒரே மருந்து சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, வெளியாள் சொன்னதை மானேஜர் தம் புத்தியால் நிறுத்துப் பார்க்க வேண்டும். 91 மாடா, 9 மாடா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

மூன்றாவது, பணம். கிளப்பின் பணம் யாருடையது? பெரிய முதலாளி போட்டது ஒரு பங்கு என்றால், வாரம் முழுதும் உழைத்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து டிக்கெட் வாங்குகிறாரே, அந்தத் தொழிலாளி போட்டதும் ஒரு பங்கு. மைதானத்தில் புல் சரியில்லை, பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று இருக்கும் சின்ன கிளப் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது பழமொழி. நல்லெண்ணெய் வாங்கிச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டால், வைத்தியருக்குக் கொடுக்கும் செலவு பாதி குறையும்.

கடைசியாக ஒன்று. குளோப் அப்பொழுதே பெரிய மானேஜர். ஜெர்மனியில் இரண்டு முறை லீக் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்டவர், "பந்து எறிவது எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று நினைத்தார் பாருங்கள்! நாலு பேர் சிரிப்பார்களே என்று அவர் பயப்படவில்லை.

நம் வீட்டிலும் இது நடக்கிறது. பையனுக்குக் கணக்கு வரவில்லை. அப்பாவுக்கும் வராது. "எனக்குத் தெரியாது, வா, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்கிற அப்பாவைப் பையன் ஒரு நாளும் மட்டமாக நினைப்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி, தப்பாகப் போட்டுக் கொடுக்கிற அப்பாவைத்தான், மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்டுபிடித்துவிடுகிறார்!